திரும்பி வரும் கேன், திரும்பாத சரம்

பனமலைப் பக்கத்து ஊர்களில் விடியற்காலையில் முதலில் கேட்பது பால் கேன் உருளும் சத்தம்தான். பால் சங்கத்து வாசலில் தூக்குவாளியோடு பெண்கள் வரிசையாக நிற்பார்கள். அளந்து, லேக்டோமீட்டர் போட்டுப் பார்த்து, பாலை அலுமினியக் கேனில் ஊற்றுவார்கள். கேனின் தோளில் சங்கத்தின் எண்ணைப் பெயின்டில் எழுதியிருக்கும். வண்டி வந்ததும் நிறைந்த கேன் ஏறும், கழுவிய காலிக் கேன் இறங்கும். கேன் தொலைந்தது என்று யாரும் பெரிதாகப் பேசி நான் கேட்டதில்லை. நசுங்கிப்போன கேனைக்கூடத் தட்டி நிமிர்த்தி மறுபடியும் அனுப்பிவிடுகிறார்கள்.

அதே பால் குளிரூட்டி, பதப்படுத்தி, பிளாஸ்டிக் கவரில் அடைத்து மீண்டும் இந்தப் பக்கமே வருகிறது. சங்கத்துக்குப் பால் ஊற்றிய வீட்டிலேயே, மாடு வற்றிய மாதங்களில், கவர் பால் வாங்குவார்கள். ஊரிலிருந்து போகும்போது திரும்பி வருகிற பாத்திரத்தில் போன பால், ஊருக்கு வரும்போது திரும்பாத உறையில் வருகிறது. இந்த ஒரு வேற்றுமையை விளங்கிக்கொண்டால், சுற்றுச்சூழலைக் கெடுக்காத விநியோகச் சங்கிலி பற்றிய பாதிப் பாடம் புரிந்துவிடும் என்பது என் எண்ணம்.

விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிக்குத் தெற்கே உள்ள பனமலையை வரலாறு படித்தவர்கள் தாளகிரீசுவரர் கோயிலுக்காக அறிவார்கள். பல்லவ மன்னன் ராஜசிம்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏரிக்கரைக் குன்றின்மேல் கட்டியது. கோயிலின் சிற்றறைச் சுவர் ஒன்றில் குடையின்கீழ் சாய்ந்து நிற்கும் உமையின் ஓவியம், கோடுகள் மங்கியும் முகம் மங்காமல் இன்னும் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு இறங்கும்போது பாறை இடுக்குகளைக் கவனித்தேன். கண்ணாடி பாட்டில் முழுதாக ஒன்றும் இல்லை, உடைந்த சில்லுதான் கிடந்தது. இரும்பு ஒரு துண்டுகூட இல்லை. பால் கவர் ஒன்றிரண்டு. மற்றதெல்லாம் மூலை கிழித்த பாக்கெட்டுகள்: ஷாம்பு, பான் மசாலா, சிப்ஸ், ஊறுகாய். உட்புறம் வெள்ளிபோல் மின்னும் அந்த உறைகள் வெயிலில் வெளுக்கின்றனவே தவிர மக்குவதில்லை.

குப்பை எதுவாக இருக்கிறது என்பதைவிட, எது குப்பையில் இல்லை என்பதே எனக்கு முக்கியமாகப் பட்டது. இரும்பும் முழு பாட்டிலும் ஏன் அங்கே இல்லை? அவற்றை எடுத்துப்போக ஆள் இருந்தது. அவ்வளவுதான்.

பொருள் தொழிற்சாலையிலிருந்து வாங்குபவர் கைக்கு வரும் பாதையை எல்லோரும் படிக்கிறார்கள். வாங்குபவர் கையிலிருந்து உற்பத்தியாளரை நோக்கி அது திரும்பும் பாதையை மேலாண்மைத் துறையினர் ‘ரிவர்ஸ் லாஜிஸ்டிக்ஸ்’ என்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர்கள் டேல் ராஜர்ஸும் ரொனால்ட் டிப்பன்-லெம்ப்கேயும் 1990களின் கடைசியில் எழுதிய நூல்தான் இந்தத் துறைக்கு இன்றுவரை அடிப்படை. பொருளில் மிச்சமிருக்கும் மதிப்பை மீட்பது, மதிப்பே இல்லையென்றால் முறையாக அகற்றுவது, இந்த இரண்டுக்காகவும் திரும்பு பாதையைத் திட்டமிட்டு நடத்தி மேற்பார்வை செய்வது என்று அவர்கள் அதை வரையறுத்தார்கள். ஐஐஎம் லக்னோவின் சமீர் ஸ்ரீவத்சவா 2007-ல் வெளியிட்ட விரிவான ஆய்வுக் கட்டுரை, பசுமை விநியோகச் சங்கிலி என்ற பெரிய தலைப்புக்குள் இந்தத் திரும்பு பாதைக்கு ஓர் இடம் கொடுத்தது.

போகும் பாதையில் ஓர் இடத்திலிருந்து பல இடங்களுக்குச் சரக்கு பிரியும். வரும் பாதையில் பல இடங்களிலிருந்து ஓர் இடத்துக்குச் சேரவேண்டும். எப்போது வரும், எவ்வளவு வரும், என்ன நிலையில் வரும் என்பது மூன்றும் தெரியாது. போகிற சரக்குக்கு பில் இருக்கிறது, வருகிற காலிக்கு பில் இல்லை. நிறுவனங்கள் இந்தப் பாதையைத் தொடத் தயங்குவதன் காரணம் இதுதான்.

ஆனால் தமிழ்நாட்டுக் கிராமம் இந்தப் பாதையைப் புதிதாகக் கற்கவேண்டிய நிலையில் இல்லை. என் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் பேரீச்சம்பழக்காரரைத் தெரியும். சைக்கிளில் தகரப்பெட்டி, கூடை, ஒரு தராசு. பழைய இரும்பு, ஈயப் பாத்திரம், பித்தளைத் துண்டு எதைக் கொடுத்தாலும் பழம் நிறுத்துக் கொடுப்பார். பழைய புடவைக்கு எவர்சில்வர் பாத்திரம் தருபவர்கள் தனி. சீப்பில் சிக்கிய தலைமுடியைச் சுருட்டிச் சுவர் இடுக்கில் செருகி வைத்து, மாதம் ஒருமுறை வருபவரிடம் கொடுத்துப் பிளாஸ்டிக் சாமான் வாங்கியவர்களும் உண்டு. இவர்கள் எல்லோரும் ஊருக்குள் வரும்போது சரக்கோடு வந்தார்கள், போகும்போது வேறு சரக்கோடு போனார்கள். வண்டி எந்தப் பக்கமும் காலியாக ஓடவில்லை. பண்டமாற்றாக இருந்ததால் குழந்தைகூடப் பங்கெடுக்க முடிந்தது.

இதன் நவீன வடிவம் நம் அடுப்படியிலேயே நிற்கிறது. 14.2 கிலோ சிலிண்டரின் மேல்வளையத்துத் தாங்கு பட்டையைக் குனிந்து பாருங்கள். காலி எடை கிலோவில் குறித்திருக்கும். ஒரு பட்டையின் உட்புறம் ஆங்கில எழுத்து ஒன்றும் இரண்டு இலக்கமும் இருக்கும். எழுத்து ஏ-யிலிருந்து டி வரை ஆண்டின் நான்கு காலாண்டுகளைக் குறிக்கும், இலக்கம் ஆண்டைக் குறிக்கும். அந்தக் காலாண்டுக்குள் அந்தச் சிலிண்டரை மறுபரிசோதனை செய்தாகவேண்டும். வீட்டுக்காரர் செலுத்திய வைப்புத்தொகை எண்ணெய் நிறுவனத்திடம் இருக்கிறது. 2022 ஜூனில் புதிய இணைப்புக்கு அதை 1,450 ரூபாயிலிருந்து 2,200 ரூபாயாக உயர்த்தினார்கள். காலியைக் கொடுக்காமல் நிறைந்தது கிடைக்காது. செஞ்சி கேஸ் ஏஜென்சியிலிருந்து கிராமத்துக்கு வரும் வண்டி நிறைந்ததை இறக்கி, காலியை ஏற்றிக்கொண்டே போகிறது. நாட்டின் மிகப்பெரிய திரும்பு பாதை இதுவாகத்தான் இருக்க வேண்டும். கோடிக்கணக்கான வீடுகள் எந்த விழிப்புணர்வுப் பிரசாரமும் இல்லாமல் தினமும் அதில் பங்கெடுக்கின்றன.

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தை, ஜனங்கள் சொல்லும் ‘கமிட்டி’யை, அறுவடைக் காலத்தில் போய்ப் பார்க்கவேண்டும். நெல் மூட்டைகள் சாலை வரை நீளும். அந்த மூட்டைகளின் சாக்குக்குத் தனிப் பிழைப்பு உண்டு. ஒரு சாக்கு ஒரு போகத்தோடு முடிந்துபோவதில்லை. கிழிந்ததை வாங்கி, உதறி, கோணி ஊசியும் சணலும் கொண்டு ஒட்டுப் போட்டு, தரம் பிரித்து விற்பவர்கள் இருக்கிறார்கள். நெல்லுக்கு ஆகாதது தவிட்டுக்கு ஆகும், தவிட்டுக்கு ஆகாதது கரிக்கு ஆகும், அதற்கும் ஆகாதது மாட்டுக்கொட்டகையில் விரிப்பாகும். உணவு தானியத்தைச் சணல் சாக்கில்தான் கட்டவேண்டும் என்று 1987-ல் ஒரு சட்டமே வந்தது. 2020-ல் கொரோனாவால் மேற்கு வங்கச் சணல் ஆலைகள் முடங்கியபோது, ஒருமுறை பயன்படுத்திய பழைய சாக்குகளிலும் நெல் கொள்முதல் செய்யலாம் என்று மத்திய அரசு இறங்கிவந்தது. அந்த நெருக்கடியில், சாக்கு வியாபாரிகள் கொட்டகையில் அடுக்கி வைத்திருந்த பழைய சாக்குக்கும் தேவை வந்தது.

ஆக, பொருள் திரும்புவதற்கு மூன்று காரியங்கள் கூடிவர வேண்டும். திருப்பிக் கொடுப்பவர் கையில் அந்த நேரத்திலேயே ஏதாவது கிடைக்க வேண்டும். கொண்டுவந்த வண்டியே எடுத்துப்போக வேண்டும். எண்ணிக் கணக்கு வைக்க ஒருவர் வேண்டும்.

இந்த மூன்றையும் சட்டத்தால் கூட்டிவைக்க முடியுமா என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சோதனை நடந்தது. நீலகிரிக் காடுகளில் குடித்துவிட்டு எறியும் மதுபாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்ற கவலை சென்னை உயர்நீதிமன்றத்தின் முன் வந்தது. நீதிமன்றம் கண்டிப்பாக நின்றதால் 2022 மே மாதம் நீலகிரி மாவட்ட டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலியைக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டம் தொடங்கியது. பிறகு பெரம்பலூர், கோயம்புத்தூர் என்று மாவட்டம் மாவட்டமாக விரிந்தது. பத்து ரூபாய் என்பது சிறிய தொகைதான். ஆனால் குடித்தவர் எறிந்தாலும் பொறுக்குபவர் எடுத்துவந்தார். பாட்டில்களின் பெரும்பகுதி கடைக்கு வந்து சேர்ந்தது.

இந்தத் திட்டத்தைப் பாராட்டுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். டாஸ்மாக் ஊழியர்கள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள், அதில் நியாயம் இருந்தது. பத்தடிக்குப் பத்தடிக் கடையில் நிறைந்த பெட்டிக்கே இடமில்லை. ஸ்டிக்கர் ஒட்ட ஒருவர், காலி எண்ண ஒருவர் என்று கூடுதல் ஆள் வேண்டியிருந்தது. நாற்றம், உடைந்த கண்ணாடி, வரிசையில் நிற்பவரோடு வாய்த்தகராறு எல்லாம் கவுன்ட்டரில் இருந்தவர் தலையில் விழுந்தன. திரும்பு பாதையின் செலவு மறைந்துவிடுவதில்லை, யாரோ ஒருவர் தோளில் அது ஏறுகிறது. அது யார் தோள் என்று முன்கூட்டியே கேட்காத திட்டம் எதுவானாலும் பாதியில் நொண்டும்.

ஜெர்மனியில் 2003 ஜனவரி முதல் ஒருமுறைப் பயன்பாட்டு பாட்டிலுக்கும் தகரக் குவளைக்கும் 25 சென்ட் வைப்புத்தொகை உண்டு. அங்கே அந்தச் சுமையை ஏற்க, சூப்பர்மார்க்கெட்டில் காலியை விழுங்கிச் சீட்டு கொடுக்கும் இயந்திரம் இருக்கிறது. பாட்டில்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் திரும்புகின்றன. நம் பெட்டிக்கடைக்கு அந்த இயந்திரம் வராது. வரவேண்டிய அவசியமும் இல்லை.

இனி அந்த ஷாம்பு பாக்கெட்டுக்கு வருகிறேன். பனமலைப் பாறையில் நான் பார்த்த அந்தப் பொருளின் பூர்வீகம் எங்கோ வெளிநாட்டில் இல்லை. பக்கத்துக் கடலூரில்தான். கடலூர் சின்னி கிருஷ்ணன் மருந்தும் பவுடரும் எப்சம் உப்பும் சிறு சிறு உறைகளில் அடைத்து விற்றுப் பார்த்தவர். கூலிவேலை செய்பவரும் ரிக்‌ஷா இழுப்பவரும் தான் செய்யும் பொருளை வாங்க முடியவேண்டும் என்பது அவருடைய ஆசை என்று அவர் மகன் சி.கே. ரங்கநாதன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர் மறைவுக்குப் பின் பிள்ளைகள் வெல்வெட் ஷாம்பு பாக்கெட்டை நடத்தினார்கள். குடும்பத்திலிருந்து தனியே வந்த ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு ‘சிக்’ ஷாம்புவைத் தொடங்கினார். அந்த நிறுவனம்தான் பின்னர் கெவின்கேர் ஆனது. ஷாம்புவே அறியாத கிராமங்களுக்குப் போய், பையன்களை உட்காரவைத்துத் தலைக்குத் தேய்த்துக் காட்டி விற்றார்கள். தலை அலசியதும் முடியைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார்களாம்.

பாக்கெட்டைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. முழு பாட்டில் வாங்க வழியில்லாதவர்கள் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் தலைக்குக் குளிக்க அது வழி செய்தது. ஆனால் நான் இங்கே சொல்ல வந்தது சிக் ஷாம்புவின் தொடக்க ஆண்டுகளில் நடந்த வேறொரு காரியம். எந்தக் கம்பெனியின் ஷாம்புவாக இருந்தாலும் ஐந்து காலி பாக்கெட்டைக் கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று அறிவித்தார்கள். பிறகு ஐந்தும் சிக் காலியாகவே இருக்கவேண்டும் என்று மாற்றினார்கள். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சமாக ஏறியது என்று ரங்கநாதன் ஒரு நேர்காணலில் நினைவுகூர்ந்தார்.

வணிகப் பள்ளிகள் இந்தக் கதையைச் சந்தைப்படுத்தும் திறமைக்கு உதாரணமாகச் சொல்லித் தருகின்றன. நான் அதை வேறு விதமாகப் படிக்கிறேன். எடுக்கவே முடியாது, திரட்டவே முடியாது என்று இன்று தொழில்துறை சொல்லும் அதே காலி உறையைத் தமிழ்நாட்டுக் கிராமத்து ஜனங்கள் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே எண்ணி எடுத்துக் கடைக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கடைக்காரர் வாங்கி வைத்தார். கம்பெனி ஆள் எண்ணிக் கணக்கு முடித்தார். மூன்று காரியங்களும் கூடிவந்தன, உறை திரும்பியது. சுற்றுச்சூழலுக்காகச் செய்ததில்லை என்பதால் விற்பனை நிலைபெற்றதும் திட்டத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. பாக்கெட் அதன்பின் ஒருவழிப் பயணம்தான் போகிறது.

பால் கவர் அவ்வளவு மோசமில்லை. அது ஒரே வகை பாலித்தீன். கழுவிக் காயவைத்துச் சேர்த்தால் பழைய பேப்பர் கடையில் எடைக்கு எடுக்கிறார்கள். ஷாம்பு பாக்கெட்டையோ சிப்ஸ் கவரையோ எந்தக் காயலாங்கடையும் வாங்காது. வெவ்வேறு பிளாஸ்டிக் படலங்களை உலோகப் பூச்சோடு ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய உறை அது. ஈரமும் வாசமும் வெளிச்சமும் உள்ளே போகாமல் காப்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். ஒட்டியதை எளிதில் பிரிக்க முடியாது. ஒன்று ஒரு கிராம்கூடத் தேறாது. கிலோ சேர ஆயிரத்துக்கு மேல் பொறுக்கவேண்டும், பொறுக்கினாலும் விலை இல்லை. ஊராட்சியின் தூய்மைக் காவலர் பெண் தள்ளுவண்டியோடு தெருத்தெருவாக வரும்போது பாட்டிலைத் தனியே, அட்டையைத் தனியே பிரித்து வைக்கிறார். இந்தப் பாக்கெட்டை எங்கே வைப்பது என்பதற்கு அவரிடம் விடை இல்லை. அது குப்பைக் கிடங்குக்குப் போகிறது, அல்லது தெருமுனையில் எரிகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ன் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளும், 2022 பிப்ரவரியில் வந்த வழிகாட்டு நெறிமுறைகளும், உறையைச் சந்தைக்கு அனுப்புபவரே அதற்குப் பொறுப்பு என்கின்றன. பல அடுக்கு உறைகளை மூன்றாம் வகை என்று தனியே பிரித்தும் இருக்கின்றன. 2023-24 முதல் விற்ற எடை முழுவதற்கும், நூற்றுக்கு நூறு, நிறுவனம் கணக்குக் காட்டவேண்டும். ஆனால் கணக்கு எடையில் இருக்கிறது, ஊரில் இல்லை. விழுப்புரம் மாவட்டத்தில் விற்ற உறைக்கு ஈடாக வேறொரு மாநிலத்துப் பெருநகரில் திரட்டிய உறையைக் காட்டலாம், சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். அந்தச் சான்றிதழ்களிலும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆய்வில் சுமார் 6 லட்சம் போலி என்று வெளிவந்தது. திரட்டுவதற்குச் சுலபமான நகரத்தில் திரட்டுவார்கள். செஞ்சியிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஊர் அந்தக் கணக்கில் எப்போதும் கடைசி. சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான் என்று நினைக்கிறேன். மாவட்ட வாரியாக விற்பனையும் மீட்பும் காட்டவேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் நிலைமை நிறைய மாறும்.

தொழில்நுட்பம் வந்தால் எல்லாம் சரியாகும் என்பவர்களுக்கு இந்தோனேசியாவைக் காட்டலாம். பாக்கெட் உறைகளின் அடுக்குகளை வேதிமுறையில் பிரித்தெடுக்கும் பரிசோதனை ஆலை ஒன்றை ஒரு பன்னாட்டு நிறுவனம் 2017-ல் அங்கே அறிவித்தது. ஆலை வேலை செய்தது. காலி உறைகளைத் திரட்டி, பிரித்துக் கொண்டுவந்து சேர்க்கும் செலவுதான் கட்டுப்படியாகவில்லை. சில ஆண்டுகளில் அது நின்றது. இயந்திரம் இருந்தும் திரும்பு பாதை இல்லாததால் தோற்ற கதை அது.

எதிர்ப்பக்கத்தையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். பனமலையிலிருந்து நான்கு கிலோ உறையை எடுத்துவர ஒரு வண்டி தனியாகப் போனால், அது எரிக்கும் டீசலில் சூழலுக்குக் கிடைக்கும் லாபம் கரைந்துவிடும். எடுத்துவந்த பிறகும் இன்றைய நிலையில் அது பெரும்பாலும் அரியலூர்ப் பக்கத்துச் சிமென்ட் ஆலைகளின் சூளைக்கு எரிபொருளாகத்தான் போகும். தெருமுனையில் எரிவதைவிட மேல். ஆனால் கேன் கேனாகத் திரும்புவதுபோல் இது ஒரு நாளும் உறையாகத் திரும்பாது. ஆகவே உறையை ஒரே வகை பிளாஸ்டிக்கில் செய்யும் கட்டாயமும் கூடவே வரவேண்டும். இன்று சில உறைகள் அப்படி வருகின்றன. பால் கவருக்குப் பழைய பேப்பர் கடையில் இருக்கும் மரியாதை ஷாம்பு பாக்கெட்டுக்கும் வரட்டும்.

டீசல் பிரச்சினைக்கு விடை ஊருக்குள் ஏற்கெனவே ஓடுகிறது. வாரம் ஒருமுறை கடைச்சரக்கு ஏஜென்சியின் லைன் வண்டி வருகிறது. ஷாம்பு, பிஸ்கட், சோப்பு, சிப்ஸ் எல்லாவற்றையும் கடை கடையாக இறக்கிவிட்டு, மாலையில் காலியாகத் திரும்புகிறது. அட்டைப்பெட்டிகள்கூடச் சில நாள் வண்டியிலேயே கிடக்கும். கிராமத்துக்கு உறையைக் கொண்டுவந்த அந்த வண்டிக்குள், திரும்பும்போது ஒரு சாக்கு காலி உறைக்கு இடம் இல்லாமல் போகாது. கூடுதல் கிலோமீட்டர் ஒன்றும் இல்லை. கூடுதல் கணக்கு மட்டும் உண்டு, வண்டியோடு வரும் லைன்மேனின் பில் புத்தகத்தில் ஒரு வரி.

பத்துக் காலிக்கு ஒரு புது பாக்கெட் என்று வைத்தாலும், அதன் விலையை வாங்குபவரிடம் ஏற்றாமல் கம்பெனி ஏற்கவேண்டும். மீட்பு இலக்குக்காகச் சான்றிதழ் வாங்கக் கம்பெனி செய்யும் செலவைத்தான் இது இந்தப் பக்கம் திருப்பிவிடுகிறது. கடைக்காரருக்கு ஒவ்வொரு நூறுக்கும் ஏதாவது கமிஷன் தரவேண்டும். டாஸ்மாக் கவுன்ட்டரில் நடந்த தவறு இங்கே நடக்கக் கூடாது. இங்கே சுமை ஏறப்போவது பெரும்பாலும் ஒரு பெண்மணியின் தலையில். வீட்டுத் திண்ணையிலேயே கடை வைத்து, சமையலுக்கும் வியாபாரத்துக்கும் நடுவில் எழுந்து எழுந்து வருபவர் அவர்.

அவருடைய கடையில் பாக்கெட் சரம் தொங்கவிட ஓர் ஆணி இருக்கிறது. கிழித்துக் கொடுக்கக் கொடுக்கச் சரம் மேல்நோக்கிக் குட்டையாகிக்கொண்டே போகும். பக்கத்தில் இன்னோர் ஆணியடித்து, பழைய பில்களைக் குத்தி வைப்பது போன்ற கம்பி ஒன்றை மாட்டலாம். குழந்தைகள் கொண்டுவரும் காலியை எண்ணி அதில் குத்திக்கொண்டே வந்தால் கம்பி நிறையும். நூறு சேர்ந்தாலும் நூறு கிராம் எடை இராது, இடமும் அடைக்காது. வண்டி வரும் நாளில் கம்பியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் புதுச் சரத்தை மாட்டிக்கொள்ளலாம்.